வண்டி மையும் கியர் ஆயிலும்

நெல் வயலில் இறங்குகிற சின்ன டிராக்டரின் முன் அச்சுக்குள் மூன்று முதல் ஐந்து லிட்டர்வரை ஆயில் இருக்கிறது. அதை ஓட்டுகிற பலருக்கு இது தெரியாது. மன்னார்குடிப் பக்கம் வாடகைக்கு ஓட்டும் டிரைவர்களிடம் பேச்சுவாக்கில் கேட்டுப் பார்த்திருக்கிறேன். இன்ஜின் ஆயில், ஏர் ஃபில்டர், ஹைட்ராலிக் ஆயில் எல்லாம் எப்போது மாற்ற வேண்டும் என்று ஒப்பிப்பார்கள். முன் அச்சைப் பற்றிக் கேட்டால், "அங்க ஏதுங்க ஆயிலு? கிரீஸ்தானே அடிக்கணும்" என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் தொழில் கற்ற பெரிய டிராக்டர்களில் அப்படித்தான். ஆனால் இந்த ஒரு பதிலால் நல்ல அச்சுகள் வீணாவதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை.

அச்சுக்கு எண்ணெய் போடுவது எங்கள் தாத்தா காலத்தில் வீட்டு வேலைகளில் ஒன்று. வைக்கோலைக் கொளுத்திக் கரியாக்கி, அந்தக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்தால் வண்டி மை. நெல் மூட்டை ஏற்றி மில்லுக்குப் போக வேண்டும் என்றால் முதல் நாள் சாயங்காலமே மாட்டு வண்டிக்கு முட்டுக் கொடுத்துத் தூக்கி நிறுத்திவிடுவார். கடையாணியைத் தட்டி எடுத்து, சக்கரத்தை வெளிப்பக்கமாக இழுத்து, அச்சு கண்ணில் பட்டதும் பழைய மையைத் துணியால் வழித்தெடுப்பார். வழித்த மையை இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பார்ப்பார். மணல் நெருடினால் அச்சை இன்னொரு முறை துடைத்துவிட்டுத்தான் புது மை. சக்கரத்தை மறுபடி ஏற்றியதும் அதைச் சுற்றிவிட்டுப் பார்ப்பது பிள்ளைகளான எங்கள் வேலை. எவ்வளவு நேரம் சத்தமில்லாமல் சுற்றுகிறதோ அவ்வளவு சந்தோஷம் அவருக்கு.

அன்று எண்ணெய் அருமை. விளக்கெண்ணெய் கடையில் காசு கொடுத்து வாங்கும் பொருள். அது விளக்குக்கும் வேண்டும், மருந்துக்கும் வேண்டும். அப்படி இருந்தும் அச்சு காய்ந்து நான் பார்த்ததில்லை. காய்ந்தால் வண்டியே சொல்லிவிடும். கிரீச்சென்ற சத்தம் தெருக்கோடிவரை கேட்கும். எதிரே வருகிறவர் "என்ன மாமா, மை போடலியா?" என்று கேட்காமல் தாண்ட மாட்டார். இழுவை கூடுவதை மாடுகள் நடையில் காட்டும். எங்களிடம் இருந்தவை உம்பளாச்சேரி மாடுகள். காவிரி டெல்டாவின் சேற்று வயலுக்கென்றே பழகிய இனம். அவை தயங்கினால் தாத்தா முதலில் குனிந்து பார்ப்பது சக்கரத்தின் குடத்தைத்தான்.

பிறகு டிராக்டர் வந்தது. சென்னையில் டாஃபே நிறுவனம் தொடங்கியது 1960-ல். அது செய்த மாஸே ஃபெர்குசன் 1035 எங்கள் பக்கத்துக் களங்களில் நின்ற காலம் நன்றாக நினைவிருக்கிறது. அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து பழைய வண்டி ஒன்று வாங்கினார்கள். அதன் முன் சக்கரங்களுக்கு இன்ஜினோடு தொடர்பு கிடையாது. பாரத்தைத் தாங்கும், திரும்பும், அவ்வளவுதான். நடுவில் அச்சு ஆடுவதற்கு ஒரு பின், இரண்டு பக்கமும் பேரிங் வைத்த ஹப். எல்லாவற்றுக்கும் கிரீஸ் போதும். காலையில் வண்டியைக் கிளப்பும் முன் சித்தப்பா கிரீஸ் கன்னோடு கீழே உட்கார்ந்துவிடுவார். நிப்பிளில் வைத்து அழுத்தி அழுத்தி, பழைய கிரீஸ் கறுப்பாகப் பிதுங்கி, அதன் பின்னால் புதுசு மஞ்சளாக எட்டிப் பார்க்கும்வரை விட மாட்டார். உள்ளே போனது போதும் என்பதற்கு அந்த மஞ்சள்தான் அவருக்கு அத்தாட்சி. மையிலிருந்து கிரீஸுக்கு மாறினோமே தவிர, கண்ணால் பார்த்துக் கையால் தொட்டு அறிகிற வழக்கம் அப்போது மாறவில்லை.

அந்த வழக்கத்துக்கு இடமில்லாமல் செய்தது நான்கு சக்கரமும் இழுக்கிற சின்ன டிராக்டர். இதன் பிறப்பிடம் ஜப்பான். சிறு சிறு வயல், ஈர மண், குறுகலான வரப்பு. பெரிய எடையுள்ள வண்டியை இறக்கினால் புதையும்; எடை குறைந்ததை இறக்கினால் பின்சக்கரம் மட்டும் இழுத்து வேலைக்கு ஆகாது. முன்சக்கரமும் சேர்ந்து இழுத்தால்தான் உண்டு. 1971-ல் குபோட்டா நிறுவனம் பி6000 என்ற சிறிய டிராக்டரை நான்கு சக்கர இயக்கத்தோடு கொண்டுவந்தது. இன்று 20, 25 குதிரைத்திறனில் பல நிறுவனங்களின் வண்டிகள் நம் ஊரில் ஓடுகின்றன. துண்டு துண்டாகக் கிடக்கிற நம் நிலத்துக்கும், தென்னைக்கும் வாழைக்கும் நடுவே புகுந்து போவதற்கும் இவை வாகானவை. இந்த வண்டிகள் வந்ததில் எனக்கு வருத்தமே இல்லை. கால் ஏக்கர் வைத்திருப்பவரும் உழவுக்குக் காத்துக் கிடக்காமல் இருப்பது இவற்றால்தான்.

இழுக்கிற அச்சு என்று ஆனபின் அதற்குள் பல் சக்கரங்கள் வந்துவிட்டன. கியர் பெட்டியிலிருந்து வரும் தண்டு நடுவில் உள்ள டிஃபரன்ஷியலைச் சுழற்றுகிறது. அங்கிருந்து சுழற்சி இரண்டு பக்கமும் போகிறது. சேற்று வயலுக்கென்று அமைந்த பல மாடல்களில் அச்சின் கோடியில் ஒரு ஜோடி பெவல் கியர் அதைக் கீழ்நோக்கித் திருப்பிவிடுகிறது. செங்குத்தான ஒரு தண்டு வழியாக இறங்கி, அடியில் இன்னொரு ஜோடி கியரில் மறுபடி திரும்பிச் சக்கரத்துக்குப் போய்ச் சேர்கிறது. அந்தச் செங்குத்துத் தண்டை மையமாக வைத்தே சக்கரம் திரும்புவதால் வண்டியை நன்றாக ஒடித்துத் திருப்பலாம். அச்சின் வயிறும் தரையிலிருந்து உயரமாக நிற்கும். அருமையான அமைப்பு. இத்தனை பற்களும் ஆயிலில் நனைந்துகொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் அது கேட்கிற ஒரே கூலி.

அந்த ஆயிலுக்குச் சேறுதான் முதல் எதிரி. மேட்டூர் அணை 1934-ல் வந்த பிறகு பாசனத்துக்கு அணை திறக்கும் ஜூன் 12 என்ற தேதி எங்களுக்குப் பண்டிகை மாதிரி ஆனது. தண்ணீர் வந்துவிட்டால் குறுவைக்குச் சேடை, அதாவது சேற்று உழவு. பின்னால் கேஜ் வீல் என்ற இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டிக்கொண்டு வண்டி நாள் முழுக்கத் தண்ணீரில் நிற்கிறது. சக்கரத் தண்டைச் சுற்றியிருக்கும் ஆயில் சீல் சேற்றுக்குள் முங்கியபடியே வேலை செய்கிறது. அறுவடை இயந்திரம் விட்டுப்போன வைக்கோலும், வரப்போரம் கிடக்கிற நைலான் கயிறும் தண்டில் சுற்றிக்கொண்டு சீலின் உதட்டை அறுக்கின்றன. இன்னொரு வழியும் இருக்கிறது. அச்சின் மேல் பிரீதர் என்று ஒரு சிறு மூச்சுத் துளை. ஓடுகிற அச்சு சூடாகி உள்ளே காற்று விரியும்போது அது வழியாக வெளியேற வேண்டும். துளை சேற்றால் அடைத்துக்கொண்டால் அந்த அழுத்தம் சீலைத் தள்ளுகிறது. சூடான அச்சு குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சுகிறது. விரல் நுனி அளவுத் துளை அடைத்ததால் அச்சே போன கதை ஒர்க்‌ஷாப்புகளில் நிறையக் கேட்கலாம்.

தம்பி மகன் ஏற்கெனவே ஓடிய சின்ன டிராக்டர் ஒன்று வாங்கினான். இன்ஜின் நன்றாக இருந்தது, டயர் நன்றாக இருந்தது, பெயின்ட் பளபளத்தது. ஊர் மெக்கானிக் அண்ணன்தான் முன் அச்சைத் திறந்து பார்த்துவிடலாம் என்றார். பிளக்கைக் கழற்றினால் பால் விட்ட டீ மாதிரி ஒழுகியது. "பெரியப்பா, இது ஆயிலா?" என்று கேட்டான். ஆயிலும் தண்ணீரும் கலந்து கடைபட்டால் அந்த நிறம்தான். அந்தக் கலவையால் பற்களுக்கு நடுவே படலமாக நிற்க முடியாது. பேரிங்கில் துருவும் பிடிக்கும். நல்ல வேளையாக அவன் வண்டியில் பற்கள் தப்பித்திருந்தன. ஒரு பக்கச் சீல் மாற்றி, மலிவான ஆயில் ஊற்றிச் சற்று ஓட்டி அதையும் வடித்து, பிறகுதான் நல்ல ஆயில் ஊற்றினோம். அதற்கு முன் அந்த வண்டி எத்தனை சேடை ஓட்டியதோ, அத்தனையும் எந்தச் சத்தமும் போடாமல் ஓட்டியிருக்கிறது. மாட்டு வண்டியாக இருந்திருந்தால் முதல் நாளே ஊரைக் கூட்டியிருக்கும்.

மாற்றுவது கடினமான வேலை இல்லை, நிதானம் வேண்டும். வண்டியைச் சமதரையில் நிறுத்த வேண்டும். கொஞ்சம் ஓட்டிவிட்டு வந்து நிறுத்தினால் ஆயில் இளகியிருக்கும், அடியில் படிந்ததும் சேர்ந்து வரும். பிளக்கைச் சுற்றியுள்ள சேற்றைக் கழுவித் துடைத்த பிறகே ஸ்பேனரை வைக்க வேண்டும். முதலில் கழற்ற வேண்டியது மேலே ஊற்றுகிற பிளக். அது துருப்பிடித்துத் திரும்பாமல் போனால், கீழே எல்லாவற்றையும் வடித்துவிட்டு வெறும் அச்சோடு நிற்க நேரும். பிறகு கீழ்ப் பிளக்குகள். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நான் சொன்ன பெவல் கியர் அமைப்பில் இரண்டு சக்கரத்துப் பெட்டியின் அடியிலும் தலா ஒரு பிளக் உண்டு. சில மாடல்களில் நடுவிலும் ஒன்று இருக்கும். ஒன்றை மட்டும் திறந்துவிட்டு ஆயில் மாற்றியாயிற்று என்று நினைத்தால் மறு பக்கத்துப் பழைய ஆயில் அப்படியே தங்கிவிடும்.

வடிந்த ஆயிலைப் பார்க்காமல் விடக் கூடாது. கறுத்திருந்தால் வயசு. வெளுத்திருந்தால் தண்ணீர். பிளக்கில் மாவுபோல இரும்புத் துகள் ஒட்டியிருந்தால் அது வழக்கமான தேய்மானம். விரலில் குத்துகிற அளவுக்குச் சில்லு வந்தால் எங்கோ பல் உடைந்திருக்கிறது. தாத்தா மையைத் தேய்த்துப் பார்த்தது இதைத்தான்.

ஊற்றும்போது அவசரம் உதவாது. கெட்டியான ஆயில் நடுவிலிருந்து இரண்டு கோடிக்கும் மெல்லத்தான் போகும். பிரீதரைத் தளர்த்தி வைத்தால் காற்று வழிவிடும். ஆயில் அளவைக் காட்டும் துளையை எட்டியதும் மூடிவிடாமல், சற்றுப் பொறுத்து மறுபடி பார்த்தால் இறங்கியிருக்கும். இன்னும் ஊற்ற வேண்டும். முதல் பார்வையை நம்பி மூடிய அச்சுகள் குறை ஆயிலோடுதான் ஓடுகின்றன. எந்த ஆயில் என்பது கையேட்டில் இருக்கிறது. சில வண்டிகளுக்கு 80டபிள்யூ-90 கியர் ஆயில், சிலவற்றுக்கு ஹைட்ராலிக்குக்கு ஊற்றுகிற அதே ஆயில். மிச்சமிருக்கிற இன்ஜின் ஆயிலை இதில் ஊற்றுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மொத்தச் செலவு அந்த வண்டி ஒரு நாள் முழுக்கச் சேடை ஓட்டுகிற டீசல் செலவுக்குள் அடங்கிவிடும். கியர் ஜோடி போனால் ஆகிற செலவோடு இதை வைத்துப் பார்க்கவே முடியாது.

பிறகு ஏன் விடுபடுகிறது? சோம்பல் என்று சொல்ல மாட்டேன். தாத்தாவின் வண்டிக்கு அவரே சொந்தக்காரர், அவரே ஓட்டுகிறவர், மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறவரும் அவரே. இன்று வண்டி ஒருவருடையது, ஓட்டுகிறவர் ஒருவர், வயல் இன்னொருவருடையது. வண்டி ஓடிய மணிக்கணக்கைக் காட்டும் ஹவர் மீட்டரை நாங்கள் தினமும் பார்க்கிறோம், ஆனால் வாடகைக் கணக்குக்காக மட்டும். எத்தனை மணி ஓடினால் எந்த ஆயிலை மாற்ற வேண்டும் என்பதும் அதே மீட்டரில்தான் இருக்கிறது. இயந்திரம் தானாகக் கத்தாது என்று ஆனபின் அந்த எண் ஒன்றுதான் அதன் வாய்.

இப்போது தம்பி மகன் மட்கார்டின் உட்பக்கம் பெயின்ட்டால் அடுத்த மாற்றத்துக்கான மீட்டர் எண்ணை எழுதி வைக்கிறான். இன்ஜினுக்கு ஒரு வரி, முன் அச்சுக்கு ஒரு வரி. அவனிடம் வேலை பார்க்கும் டிரைவர், சேடை முடிந்து வண்டி கரையேறினால், எண் வராவிட்டாலும் அளவுத் துளையின் பிளக்கை லேசாகத் தளர்த்தி ஆயிலின் நிறத்தைப் பார்த்துவிடுகிறார். தார் ரோட்டில் ஏறும் முன் முன்சக்கர இழுவைக்கான லிவரையும் மறக்காமல் விடுவித்துவிடுகிறார். முன்சக்கரம் பின்சக்கரத்தைவிடக் கொஞ்சம் வேகமாகச் சுற்றும்படிதான் அமைத்திருக்கிறார்கள்; சேற்றில் வழுக்கிச் சரியாகிவிடும், தாரில் அந்த இழுபறி முழுவதும் கியர் பற்களின் தலையில் விழும்.

வடித்த ஆயிலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தாத்தா வழித்த மையை வேலிக்காலில் தடவுவார், கரியும் விளக்கெண்ணெயும்தானே. கியர் ஆயில் அப்படி இல்லை. அதைக் கரையானுக்கென்று மரத்தில் பூசுவதும், வாய்க்கால் ஓரம் கொட்டுவதும் இன்னும் நடக்கிறது. அந்த வாய்க்காலில்தான் நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்கிறது. பயன்படுத்திய ஆயிலை அபாயக் கழிவாகவே சட்டம் வைத்திருக்கிறது. பழைய கேனில் பிடித்து மூடி, ஆயில் சேர்த்து எடுத்துப் போகிறவர்கள் வரும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடலாம். எங்கள் மெக்கானிக் அண்ணன் கடைக்குப் பின்னால் அதற்கென்றே ஒரு பேரல் வைத்திருக்கிறார். யார் கொண்டுவந்தாலும் வாங்கிக்கொள்கிறார்.