தமிழனைத் தாங்கிய தங்கவயல்

யாருக்கும் வளையாத பத்திரிகையாளர் இந்த நாட்டில் பிழைக்க முடியுமா?
– வாசகர், ஸ்கெலட்டன், கோலார் தங்கவயல்

உங்கள் ஊரையே கேட்கலாமே! சித்த மருத்துவரான அயோத்திதாசர், 1907 ஜூன் 19 அன்று சென்னை ராயப்பேட்டையில் ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழைத் தொடங்கினார். இதழின் விலை பெயரிலேயே இருந்தது. ஆசிரியரை விலைக்கு வாங்கத்தான் ஆளில்லை. சாதியைக் கட்டிக்கொண்டு சுதேசியம் பேசலாமா என்று, நாடே சுதேசி முழங்கிய நாளில் துணிந்து கேட்டவர் அவர். ‘1914இல் அவர் மறைந்தார், பிறகு இதழும் நின்றுபோனதே’ என்பீர்கள். உண்மைதான். ஆனால் 1926இல் அதே ‘தமிழன்’ ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு மறுபடி வந்தது, அதுவும் உங்கள் தங்கவயலிலிருந்து! அயோத்திதாசரின் எழுத்துகளை நூல்களாக்கியதும் உங்கள் தங்கவயலின் மாரிக்குப்பம் சித்தார்த்தா புத்தகசாலைதான். அந்த எழுத்தைப் பிழைக்கவைத்தவர்கள் உங்கள் ஊர்ச் சுரங்கத் தொழிலாளர்கள்.