தைலமும் தராசும்

பாறை ஏறுகிறவருக்கு முழங்கையின் உட்புறம் வலித்தால் வைத்தியம் சுலபம்: சில வாரம் சுமையைக் குறை, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு. தசைநாண் மெல்லத்தான் தேறும் என்பதால் இது நல்ல வைத்தியமே. இலங்கையின் எல்லப் பக்கம் வரும் சுற்றுலாக்காரர் இதைத் தாராளமாகக் கடைப்பிடிக்கலாம். பாறை யாரிடமும் நிறை கேட்பதில்லை. பதுளை, ஹப்புத்தளைத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்தெடுப்பவருக்கோ, பல இடங்களில் 18 கிலோ வந்தால்தான் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம். குறைந்தால் அரைப் பேர். அங்கே சுமையைக் குறைப்பதென்றால் சம்பளத்தைக் குறைப்பது.

இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளுவது பாறையில் தொங்குவதற்கு ஈடாகுமா என்பார்கள். ஈடாகாதுதான். ஆனால் தசைநாணைப் பழுதாக்குவது பாரம் மட்டுமல்ல, ஓயாமல் திரும்பும் அதே அசைவும்தான். காலையில் மலைக்குப் போனது முதல் மாலை நிறுவை வரை அந்த விரல்களுக்கு வேறென்ன வேலை? பழகிய கைதானே, வலிக்காது என்பது அடுத்த வாதம். அப்படியானால் வருடக்கணக்காகப் பழகிய மலையேறிக்கு முதலில் வலித்திருக்கவே கூடாது. தைலம் தேய்க்கலாம், தடையில்லை. தைலத்துக்கு நிறுவைத் தராசின் முள்ளை அசைக்கும் சக்தி மட்டும் இன்னும் வரவில்லை.