தறிச் சத்தத்தில் ஒரு லொள்ளு சபா

'முதல் மரியாதை'யை நான் முழுதாகப் பார்த்தது கல்லூரி விடுதியில். 1985இல் வந்த படம். பாரதிராஜா இயக்கி, சிவாஜி தன் வழக்கமான முழக்கத்தையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு நடித்தது. அறையிலிருந்த பையன்கள் ஆளுக்கொரு தலையணையைக் கட்டிக்கொண்டு கலங்கிப்போய் உட்கார்ந்திருந்தார்கள். நான் மட்டும் போர்வையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினேன். அழுகிறேன் என்று நினைத்து ஒரு திருநெல்வேலிப் பையன் முதுகைத் தடவிக் கொடுத்தான். போர்வையை எடுத்ததும் உண்மை தெரிந்து, அப்புறம் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

நான் என்ன செய்வது? அந்தப் படத்தை ஏற்கெனவே 'லொள்ளு சபா'வில் பார்த்துவிட்டேன். 2000களின் நடுவில் பள்ளிக்கூடம் போனவர்களில் பாதிப் பேருக்கு இந்தக் கோளாறு உண்டு. கிண்டலை முதலில் பார்த்துவிட்டுப் படத்துக்கு வந்த தலைமுறை நாங்கள். அசல் எப்போது வந்தாலும் எங்களுக்கு அது சிரிக்க மறந்துபோன நகல்தான்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். விஜய் டிவியில் வாராவாரம் வந்த நிகழ்ச்சி. இயக்கம் ராம்பாலா. எல்லோருக்கும் தெரிந்த ஒரு தமிழ்ப் படத்தை எடுத்துக்கொண்டு, அதே கதையை அதே வரிசையில், துளி மரியாதை இல்லாமல் மறுபடி நடிப்பார்கள். சந்தானம் இருப்பார். முழி பிதுங்க நிற்கும் சாமிநாதன் இருப்பார். ரஜினி மாதிரி தலைமுடியைக் கோதும் ஜீவா, சேஷு, ஓரத்தில் எங்காவது கூட்டத்தோடு கூட்டமாக யோகி பாபு. எனக்குப் பிடித்தவர் மனோகர். ஒரு வசனம் பேசுவதற்குள் அவருடைய கை ஒரு பக்கம் போகும், இடுப்பு இன்னொரு பக்கம் போகும், குரல் மூன்றாவது பக்கம் இழுத்துக்கொண்டு போகும். மூன்றும் சேர்ந்து திரும்பி வருவதற்குள் எதிரே நிற்பவர் சிரிப்பை அடக்கமுடியாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதையும் வெட்டாமல் அப்படியே ஒளிபரப்புவார்கள். பட்ஜெட் இல்லை என்பதை மறைக்க அந்த நிகழ்ச்சி ஒரு நாளும் முயன்றதில்லை. ராஜா காலத்துக் கதைக்கும் நேற்று வந்த காதல் கதைக்கும் அதே சட்டை, அதே மீசை. மீசை பாதியில் கழன்றால் அதுவும் ஒரு ஜோக்.

எங்கள் வீட்டில் இதைப் பார்ப்பது லேசான காரியம் அல்ல. சோமனூர்ப் பக்கம், கூலிக்கு நெய்யும் விசைத்தறிக் குடும்பம். வீட்டுக்கும் தறிக்குடோனுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். கரண்டு இருந்தால் தறி ஓடும். தறி ஓடினால் டிவியில் என்ன பேசுகிறார்கள் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தாலும் கேட்காது. கரண்டு போனால் தறி நின்று ஊரே அமைதியாகிவிடும், ஆனால் டிவியும் கூடவே போய்விடும். ஆக, சத்தத்தோடு ஒரு வசனம் கேட்பது என்பது பாவு தீர்ந்துபோன நாட்களில் மட்டும் கிடைக்கும் பாக்கியம். மற்ற நாட்களில் சந்தானம் வாயசைப்பார், என் அப்பா வசனம் பேசுவார்.

தறிக்காரர் என்பதால் அப்பாவுக்குக் குரல் இயல்பிலேயே பெரியது. திரையில் யாரோ யாரையோ பார்த்து ஏதோ சொல்ல, அப்பா இங்கிருந்து, "ஏனுங் மாப்ள, போன வாரத்துப் பொடவப் பணம் இன்னும் வர்லீங்களே" என்பார். வில்லன் சிரிப்பான். "சிரிச்சே ஏமாத்தறானுங்க பாரு" என்பார். பின்னாளில் இணையத்தில் அந்தப் பகுதிகளையெல்லாம் சத்தத்தோடு பார்த்தேன். சில இடங்களில் அப்பா எழுதிய வசனமே மேல் என்று தோன்றியது. மகன் என்பதற்காகச் சொல்லவில்லை.

அப்பாவுக்கு இந்தக் கலை எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறேன். கோவைக்காரரான சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை வாங்கி ஊர் ஊராகக் கூடாரம் போட்டார். 1914இல் கோவையிலேயே வெரைட்டி ஹால் கட்டினார். அது ஊமைப்படக் காலம். திரைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நின்றுகொண்டு, இதோ கதாநாயகி வருகிறாள், இதோ கள்வன் ஒளிகிறான் என்று உரக்கச் சொல்லிக்கொண்டே இருப்பது அன்றைய கொட்டகைகளில் வழக்கம். 1931இல் 'காளிதாஸ்' வந்து படமே பேச ஆரம்பித்ததும் அந்த ஆளுக்கு வேலை போயிற்று. சம்பளம்தான் போயிற்று, பழக்கம் போகவில்லை என்பது என் ஆராய்ச்சி முடிவு. கொங்கு நாட்டுத் தியேட்டர்களில் தரை டிக்கெட்டு வாங்கிய ஒவ்வொருவரும் ஆளுக்குக் கொஞ்சமாக அந்த வேலையை எடுத்துக்கொண்டார்கள்.

அம்மா வழியில் இது இன்னும் மோசம். அம்மாவின் அப்பா, எங்கள் அப்புச்சி, ஆனைமலைப் பக்கத்துக்காரர். பொள்ளாச்சியும் கோபிச்செட்டிபாளையமும் சினிமாக்காரர்களுக்குத் தாய்வீடு. ஆலமரம், பஞ்சாயத்து, செம்பு, வெள்ளை வேட்டி என்றால் மூட்டை கட்டிக்கொண்டு இங்கேதான் வருவார்கள். அப்புச்சி ஒரு படப்பிடிப்புக்குத் தன் வண்டியையும் இரண்டு காளைகளையும் வாடகைக்கு விட்டார். நாள் முழுக்கக் கூடவே நின்று எல்லாவற்றையும் பார்த்தார். ஊரையே நடுங்க வைக்கும் நாட்டாமை வெயில் தாங்காமல் குடைக்குக் கீழே உட்கார்ந்திருப்பதையும், தற்கொலை செய்துகொள்ளக் கிணற்றில் குதிக்கும் பெண் உள்ளே விரித்த மெத்தை மேல் விழுந்து எழுந்து காப்பி கேட்பதையும் பார்த்த மனுசனிடம், அப்புறம் எந்தப் படத்தைக் காட்டி அழவைக்க முடியும்?

படம் பொள்ளாச்சியில் வெளியானபோது குடும்பத்தோடு போனார்கள். கதாநாயகன் குடும்ப மானத்துக்காக நெஞ்சில் அடித்துக்கொண்டு அழும் கட்டத்தில் தியேட்டரே மூக்கைச் சிந்தியது. அப்புச்சி மட்டும் எழுந்து நின்று திரையைக் காட்டி, "பொறத்தால பாருங்க, மயிலை நொண்டுது! நாலு நாளா லாடம் கட்டாம நிறுத்தி வெச்சிருக்கானுங்க, படுபாவிக" என்று கத்தினாராம். வெளியே வந்து யாரோ படம் எப்படி என்று கேட்டதற்கு, "நடிச்சதுன்னு பாத்தா என்ற காளைக ரெண்டுதானுங்க" என்றாராம். இதைவிடச் சுருக்கமான விமர்சனத்தை நான் இதுவரை எந்தப் பத்திரிகையிலும் படிக்கவில்லை.

இப்படித் தரை டிக்கெட்டில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் திரைக்குள்ளேயே ஏறிக் குதித்துவிட்டால் எப்படி இருக்கும்? அவர்தான் உடுமலைப்பேட்டை பக்கம் வல்லகுண்டாபுரத்தில் பிறந்த கவுண்டமணி. அவரை நடிகர் என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அவர் பார்வையாளர். கதாநாயகன் சபதம் எடுத்தால், பக்கத்தில் நின்று அதைக் கேட்க நேர்ந்த துயரம் அவர் முகத்தில் தெரியும். 'மன்னன்' (1992) படத்தில் ரஜினியும் அவரும் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு 'சின்னத்தம்பி'க்கு டிக்கெட்டு வாங்க வரிசையில் நிற்பார்கள். முதலில் வாங்கியவர்கள் என்று பரிசு விழும். பரிசு கொடுக்க வருவது இவர்களுடைய முதலாளியம்மா. சூப்பர் ஸ்டாரையே தியேட்டர் வரிசையில் நிறுத்தி, பக்கத்திலேயே கவுண்டமணியையும் நிறுத்திவைத்த அந்தக் காட்சியைச் சந்தானம் தலைமுறை நன்றாக மனப்பாடம் செய்திருக்கிறது என்பது என் சந்தேகம். சத்யராஜும், சூலூர்க்காரரான மணிவண்ணனும் 'அமைதிப்படை'யில் (1994) இதையே அரசியலுக்குச் செய்தார்கள்.

இப்படிப் படம் பார்த்துக்கொண்டே பேசுவதற்கென்றே அமெரிக்காவில் ஒரு நிகழ்ச்சி இருந்தது. 'மிஸ்டரி சயின்ஸ் தியேட்டர் 3000.' 1988இல் மின்னியாபொலிஸ் நகரத்து உள்ளூர்ச் சேனல் ஒன்றில் ஜோயல் ஹாட்ஜ்சன் என்பவர் ஆரம்பித்தார். ஓர் ஆளை விண்கலத்தில் அடைத்துவைத்து மட்டமான படங்களாகப் போட்டுக் காட்டி வதைக்கிறார்கள். தனிமை தாங்காமல் அவர் ரோபோக்களைச் செய்து இரண்டைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்கிறார். மூன்று தலைகளும் நிழலாகத் திரையின் அடியில் தெரியும், படம் முழுக்க ஓடும், இவர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள். எனக்கு இதில் ஒரே ஆச்சரியம், பக்கத்தில் உட்கார்ந்து பேச ஆள் வேண்டுமென்றால் அந்த ஊரில் ரோபோ செய்ய வேண்டியிருக்கிறதே என்பதுதான்.

அவர்கள் 1993இல் 'மானோஸ்' என்று ஒரு படத்தைத் தோண்டி எடுத்தார்கள். டெக்சாஸ் மாநிலத்து எல் பாசோவில் உரம் விற்றுக்கொண்டிருந்த ஹரால்டு வாரன் என்பவர், படம் எடுப்பதெல்லாம் ஒரு பெரிய விசயமா என்று பந்தயம் கட்டி 1966இல் எடுத்தது. அவரிடம் இருந்த கேமராவில் ஒரே மூச்சில் 32 விநாடிதான் எடுக்க முடியும். படத்தில் வரும் எல்லோருக்கும் விரல் விட்டு எண்ணக்கூடிய சில பேரே பின்னால் குரல் கொடுத்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு வாரன் மேல் ஒரு பங்காளிப் பாசமே வந்துவிட்டது. உரக்கடைக்காரர் படம் எடுப்பது எங்களுக்குப் புதுசா? கோழிப்பண்ணைக்காரர், பனியன் கம்பெனிக்காரர், ரிக் வண்டிக்காரர் என்று நாலு காசு சேர்ந்ததும் மெட்ராசுக்கு ரயிலேறிய சாதிசனம் ஊருக்கு ஊர் உண்டு. திரும்பி வரும்போது கையில் ஒரு படப்பெட்டி மட்டும் இருக்கும். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

ஆனால் இரண்டு ஊர்க் கிண்டலுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அமெரிக்க நிகழ்ச்சிக்கு யாரும் பார்க்காத, பார்க்கவே கூடாத படம் வேண்டும். லொள்ளு சபாவுக்கு எல்லோரும் பார்த்து, அழுது, கோயில் திருவிழாவில் திரை கட்டி மறுபடியும் பார்த்த படம் வேண்டும். ஓடாத படத்தை லொள்ளு சபா கிண்டல் செய்தால் யாருக்குப் புரியும்? உண்மையில் அவர்கள் நக்கலடித்தது படத்தை அல்ல, அந்தப் படத்துக்கு அழுத நம்மை. மூன்று குண்டு பாய்ந்தபிறகும் குடும்ப வரலாற்றை முழுக்கச் சொல்லிவிட்டுச் சாகும் அப்பாவை நாம்தானே இத்தனை வருசமாக ஒத்துக்கொண்டிருந்தோம்? சாமிநாதன் அதே மாதிரி சாகும்போது, "சரி சரி, நேரமாச்சு, போய்ச் சேருங்கோ" என்று எங்கள் வீட்டில் குரல் எழும். அது போன மாதம் தியேட்டரில் இதே மாதிரி ஒரு சாவுக்கு முந்தானையால் கண்ணைத் துடைத்த அம்மாவின் குரல்.

அதனால்தான் வெறும் மோசமான படத்தை வைத்துச் சிரிப்பதில் எனக்கு அவ்வளவு ருசி இல்லை. சாம் ஆண்டர்சனின் 'யாருக்கு யாரோ' (2007) பாட்டுகளை ஊரே இணையத்தில் பார்த்துச் சிரித்தபோது நானும் சிரித்தேன்தான். ஆனால் ஓடத் தெரியாதவன் விழுவதைப் பார்த்துச் சிரிப்பதில் என்ன கெட்டிக்காரத்தனம்? ஓட்டப்பந்தய வீரனுடைய நடையை அவன் எதிரிலேயே நடந்து காட்ட வேண்டும், அதுதான் லொள்ளு. 2010இல் சி.எஸ். அமுதன் 'தமிழ்ப்படம்' எடுத்து, மிர்ச்சி சிவாவை வைத்து அதைப் பெரிய திரையிலேயே செய்தபோது நான் தியேட்டரில் விசிலடித்தேன். வாழ்க்கையில் எந்தக் கதாநாயகனுக்கும் அடித்ததில்லை.

சந்தானம் 2004இலேயே 'மன்மதன்' வழியாகச் சினிமாவுக்குப் போய்விட்டார். அப்புறம் கதாநாயகன் ஆனார். ஆனதும் அறிமுகப் பாட்டு, அடிதடி, கதாநாயகியைத் துரத்துவது என்று அவரே ஒரு காலத்தில் கிழித்துத் தொங்கவிட்டதெல்லாம் வரிசையாக வந்து சேர்ந்தன. அவர் ஆடும்போது நான் திரையின் ஓரத்தையே பார்ப்பேன். மனோகர் எங்கிருந்தாவது கையை வீசிக்கொண்டு வந்து இதை நிறுத்தமாட்டாரா என்று ஒரு நப்பாசை. 2016இல் ராம்பாலாவே அவரை வைத்து 'தில்லுக்கு துட்டு' எடுத்தபோது பழைய வாசனை கொஞ்சம் வந்தது. யோகி பாபு 'மண்டேலா'வில் (2021) தனி ஆளாகப் படத்தைச் சுமந்ததைப் பார்த்து, ஓரத்தில் நின்ற பையன் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பெருமை. என்னமோ நாங்கள்தான் பெண் கொடுத்த மாதிரி. சேஷு 2024 மார்ச்சில் காலமானார். அன்று அப்பா டிவிச் செய்தியைப் பார்த்துவிட்டு எந்த வசனமும் பேசவில்லை.

2025இல் 'டிடி நெக்ஸ்ட் லெவல்' வந்தது. சந்தானம் அதில் படங்களைக் கிழிக்கும் விமர்சகர். செல்வராகவன் அதில் பேயாக வரும் ஓர் இயக்குநர். அவர் விமர்சகரைப் படத்துக்குள்ளேயே இழுத்துப் போட்டுவிடுகிறார். கதையைக் கேட்டதுமே அப்பாவைக் கூட்டிக்கொண்டு கோவையில் ஒரு மாலுக்குப் போனேன். சாய்மான நாற்காலி, குளிர், தறியின் சத்தம் எதுவும் இல்லாத இருட்டு. இத்தனை வசதி இருந்தும் அவர் குரல் மட்டும் குடோனில் இருந்த அளவிலேயே இருந்தது. விமர்சகர் உள்ளே இழுக்கப்பட்டதும், "இதுக்குப் போய்ப் பயப்படறான் பாரு. நானெல்லாம் அம்பது வருசமா உள்ளதான் கெடக்கறேன்" என்றார். பேய் வந்தால் அதற்கு ஒன்று, பாட்டு வந்தால் அதற்கு ஒன்று.

முன்வரிசையில் இருந்த ஒரு பையன் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தான். மூன்றாவது தடவை, "ஐயா, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க" என்றான். நான் மன்னிப்புக் கேட்டேன். அப்பா கேட்கவில்லை, ஆனால் பேச்சை நிறுத்திவிட்டார். அவர் நிறுத்திய அந்தக் கால்மணி நேரம் படம் ரொம்ப நீளமாக இருந்தது.

இடைவேளை முடிந்து விளக்கு அணையும்போது அந்தப் பையன் பாப்கார்ன் பொட்டலத்தோடு வந்து அப்பாவுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தான்.

"ஐயா, அந்தப் பேய் வந்தப்ப என்னமோ சொன்னீங்களே, அது செரியாக் கேக்கலைங்."

அப்பா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பாப்கார்னுக்குக் கையை நீட்டினார்.

"அதுக்குத் தனி டிக்கெட்டு கண்ணு."