கடைவாய்ப் பல்லுக்கு வாரிசுச் சான்றிதழ்

ஒரகடத்தில் கார் கம்பெனிகள் வந்து, வாலாஜாபாத் சாலை அகலமானபோது சேரப்பணஞ்சேரி சுற்றுவட்டாரத்தில் என்ன நடந்தது என்பது ஊரறிந்த கதை. அதுவரை முகமே காட்டாத ஒன்றுவிட்ட சித்தப்பாக்களெல்லாம் கரையான் தின்ற மூலப்பத்திரத் துண்டோடு தாலுகா ஆபீஸ் வாசலில் நின்றார்கள். பத்திரத்தில் பாதி இருக்கும். மீதியை வாயாலேயே சொல்லி முடிப்பார்கள். இதற்காக நம்மூர்க்காரர்களை மட்டும் ஏசுவது பாவம். இருபது வருஷம் போல மனிதகுலமே இப்படி ஒரு துண்டைக் காட்டித்தான் தாத்தாவுக்கு உரிமை கொண்டாடியது.

துண்டு கிடைத்தது 1932-இல். யேல் பல்கலைக்கழக மாணவர் எட்வர்ட் லூயிஸ், இமாசலத்து சிவாலிக் குன்றுகளில் ஹரிதல்யாங்கர் என்ற இடத்தில் மேல்தாடையின் வலப்பக்கச் சில்லு ஒன்றைக் கண்டெடுத்தார். அதில் முன்கடைவாய்ப் பல் இரண்டு, கடைவாய்ப் பல் இரண்டு. ஆக மொத்தம் நாலு பல்தான் சொத்து. மனுஷ ஜாடை தெரிகிறது என்று 1934-இல் அதற்கு 'ராமாபிதிகஸ்' எனப் பெயர் சூட்டினார். பிதிகஸ் என்றால் குரங்கு. ராமருக்கு வானர சேனை உண்டு என்று கேள்விப்பட்டிருப்பார், யார் எந்தப் பக்கம் என்பதில்தான் சின்னக் குழப்பம். சுக்ரீவனுக்கும் பிரம்மாவுக்கும்கூட ஆளுக்கொரு குரங்கு கொடுத்தார். மேல்தாடைக்கு ராமர், கீழ்த்தாடைக்கு பிரம்மா. ஒரே வாய்க்கு இரண்டும் தேவைப்படுமே என்று பிறருக்கு உறைக்கவே முப்பது வருஷம் ஆனது.

சரி, பல்லில் அப்படி என்ன ஜாடை? நாக்கை மேல்வரிசையில் பின்பக்கமாக ஓட்டுங்கள். நடுவிலிருந்து எண்ணினால் ஆறாவதாகப் பருத்த பல் ஒன்று தட்டும். ஆறு வயதில் வரும் நிரந்தரப் பல் அது. எந்தப் பால் பல்லும் விழாமல், பின்னால் காலியாகக் கிடந்த இடத்தில் சத்தமில்லாமல் முளைக்கும். அதனால் அதையும் பால் பல் என்றே நினைத்து, 'சொத்தைதானே, விழுந்து முளைக்கும்' என்று விட்டுவிடுகிற அம்மாக்கள் நம்மிடம் ஏராளம். முளைக்காது.

அதன் தலையில் நாலு மேடு. கன்னப் பக்கம் இரண்டு, அண்ணப் பக்கம் இரண்டு. அண்ணத்தை ஒட்டிய முன்மேடுதான் பெரியவர். அவரிடமிருந்து கன்னப் பக்கத்துப் பின்மேட்டுக்குக் குறுக்கே ஒரு வரப்பு போகும். கீழ்ப் பல்லுக்கு இந்த வரப்பு கிடையாது. சிலருக்குப் பெரியவரின் விலாவில் குட்டியாக ஒரு புடைப்பும் இருக்கும். ஆஸ்திரியச் சக்கரவர்த்தியின் பல் வைத்தியர் கராபெல்லி அதை எழுதிவைத்ததால் அதற்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. சக்கரவர்த்தி வாயைத் திறந்தால் யாருக்காவது பட்டம் கிடைக்கத்தானே செய்யும். வேர் மூன்று: கன்னத்துக்கு இரண்டு, அண்ணத்துக்கு ஒன்று. பிடுங்குகிற டாக்டருக்கு வியர்ப்பது இந்த மூன்றால்தான்.

சிக்கல் எங்கே என்றால், இந்த நாலு மேடும் குறுக்கு வரப்பும் சிம்பன்சிக்கும் உண்டு, ஒராங் ஊட்டானுக்கும் உண்டு. மேட்டை வைத்து யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்ல முடியாது. ஆகவே எனாமலைப் பிடித்தார்கள். நமக்கு எனாமல் தடிமன், சிம்பன்சிக்கு மெலிசு, ராமாபிதிகஸுக்குத் தடிமன். அப்புறம் என்ன, நம்ம ஆள்தான்!

ஸ்மித்சோனியனின் ஹர்ட்லிச்கா 1935-லேயே இந்த உரிமையை ஏற்க மறுத்தார். விஷயம் கொஞ்சகாலம் தூங்கியது. 1961-இல் எல்வின் சைமன்ஸ் அதை எழுப்பினார். கையிலிருந்தது வலப்பக்கம் மட்டும். இடப்பக்கத்தைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி வரைந்து ஒட்டினார், நம் தாடையைப் போல அழகாக வளைந்து வந்தது. நடுக்கோடு இல்லாத சில்லை எந்தக் கோணத்தில் திருப்பி ஒட்டினாலும் ஏதாவதொரு வளைவு வரும், அது வேறு விஷயம். பிறகு டேவிட் பில்பீமும் சேர்ந்துகொண்டார். சின்னக் கோரைப் பல் என்றால் கையில் கருவி இருந்திருக்கும், கருவி என்றால் இரண்டு காலில் நடந்திருக்கும் என்று நாலு பல்லிலிருந்து பாதம் வரை இறங்கிவிட்டார்கள். கருவி ஒன்றும் அங்கே அகப்படவில்லை. நம் பக்கத்து அதிரம்பாக்கத்தில் கதையே தலைகீழ். 15 லட்சம் ஆண்டுப் பழைய கைக்கோடரிகள் இருக்கின்றன, செய்தவனின் பல் ஒன்றுகூட இல்லை.

1967-இல் பெர்க்லியிலிருந்து சாரிச், வில்சன் என்று இருவர் எலும்பையே தொடாமல் வந்தார்கள். முயலுக்கு ஊசி போட்டு, மனிதன், குரங்கு இவர்களின் ரத்தப் புரதம் எவ்வளவு வித்தியாசப்படுகிறது என்று அளந்து, நாமும் சிம்பன்சியும் பாகம் பிரிந்தது சுமார் 50 லட்சம் ஆண்டுக்கு முன்புதான் என்றார்கள். ராமாபிதிகஸோ அதற்கு வெகு முன்னால் வாழ்ந்தது. பாகப்பிரிவினைக்கு முன்பே தனிப் பட்டா வாங்கியவர் எப்படி நம் கிளையாவார்? எலும்புக்காரர்களுக்குக் கோபம் வந்தது, பதில் வரவில்லை.

கேஸை முடித்தது பில்பீமேதான். 1980-இல் பாகிஸ்தானின் போத்வார் மேட்டில் அவர் குழுவுக்கு சிவாபிதிகஸ் என்ற இன்னொரு பழைய குரங்கின் முகம் கிடைத்தது. நேரில் பார்த்தால் ஒராங் ஊட்டான் அச்சு! தடிமனான எனாமல் அந்தக் கிளையிலும் உண்டு, கெட்டியானதைக் கடித்துத் தின்கிற எவருக்கும் வரக்கூடியதுதான். 1982-இல் கட்டுரை வெளியானது, ராமாபிதிகஸ் சிவாபிதிகஸுக்குள் அடக்கம் என்று ஆனது.

பெயரிடும் சட்டப்படி முந்தி வைத்த பெயருக்கே செல்லுபடி. சிவாபிதிகஸ் என்பது பில்கிரிம் என்பவர் 1910-லேயே வைத்த பெயர். ஆகவே ராமர் போனார், சிவன் நின்றார். ராமானுஜர் பிறந்த ஸ்ரீபெரும்புதூரில் இந்தத் தீர்ப்பை யாரும் உரக்கப் படிக்காதது நல்லது. பெரிய காஞ்சிபுரத்தில் கொண்டாடியிருப்பார்கள், அங்கேயும் அடுத்த வரியைக் காட்டாமல் இருந்தால். அந்தச் சிறிய தாடை அநேகமாகப் பெண் சிவாபிதிகஸுடையது என்கிறார்கள்.