நாட்டாமை, நாற்காலியை மாத்து!

போர்ட் கிள்ளான் பண்டமாரானில் ஒரு கோயில் தலைவரை இறக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது லேசுப்பட்ட காரியம் அல்ல. முன்கூட்டியே நோட்டீஸ் போக வேண்டும். கோரம் சேர வேண்டும். சேராவிட்டால் வாசலில் தேநீர் குடித்துக்கொண்டிருப்பவரையும் உள்ளே இழுத்து உட்கார வைக்க வேண்டும். போன வருடக் கணக்கை ஒருவர் உரக்கக் கேட்க, இன்னொருவர் அவரை உட்காரச் சொல்ல வேண்டும். ஓட்டு எண்ணி முடித்த பிறகும் தோற்ற கோஷ்டி சங்கப் பதிவிலாகாவுக்கு மனு எழுதாமல் விடாது. 1988இல் மலேசியாவின் தலைமை நீதிபதியை இறக்கியபோது இவ்வளவு சத்தம் கேட்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு செய்தார்கள்.

தொடக்கம் என்னவோ ஓட்டெண்ணிக்கைதான். 1987 ஏப்ரலில் ஆளும் கட்சியான அம்னோவின் தலைவர் பதவிக்குப் பிரதமர் மகாதீரும் தெங்கு ரசாலியும் மோதினார்கள். 761க்கு 718. நாற்பத்து மூன்று ஓட்டில் மகாதீர் தப்பினார். தோற்ற அணியில் சிலர் நீதிமன்றம் போனார்கள்: பதிவு செய்யாத கிளைகளிலிருந்து வந்தவர்களும் ஓட்டுப் போட்டுவிட்டார்கள், தேர்தல் செல்லாது என்று. நீதிபதி ஹாருன் ஹாஷிம் சட்டப் புத்தகத்தைத் திறந்து பார்த்தார். பதிவில்லாத கிளை இருந்தால் தேர்தல் மட்டுமல்ல, சங்கமே செல்லாது என்று அதில் இருந்தது. 1988 பிப்ரவரி 4ஆம் தேதி, நாட்டை ஆண்டுகொண்டிருந்த கட்சி சட்டவிரோதக் கும்பலாகிவிட்டது. நம்ம ஊர்க் கோயில் செயலாளர் எவரும் செய்யாத தப்பு. அவர்களெல்லாம் பதிவுப் பத்திரத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைக்கிறவர்கள்.

மகாதீருக்கு நீதிபதிகள் மேல் ஏற்கெனவே கடுப்பு. மார்ச் மாதம் அரசியலமைப்பின் 121ஆவது பிரிவைத் திருத்தி, நீதிமன்றங்களுக்கு நாடாளுமன்றம் கொடுக்கிற அதிகாரம்தான் உண்டு என்று ஆக்கினார். அதே மாதம் கோலாலம்பூரில் நீதிபதிகள் கூடிப் பேசினார்கள். பிரதமர் எங்களைக் கண்டபடி பேசுகிறார் என்று மாமன்னருக்கு அடக்கமாக ஒரு கடிதம் எழுதுவது என்று முடிவானது. கையெழுத்துப் போட்டவர் தலைமை நீதிபதி துன் சாலே அபாஸ். அரசு ஊழியர் எவரும் அறிந்த விதியை அவர் மறந்துவிட்டார்: கூட்டமாக முடிவெடுத்தாலும் கையெழுத்துப் போட்டவன்தான் மாட்டுவான்.

மே மாதக் கடைசியில் அவரை இடைநீக்கம் செய்தார்கள். அம்னோ வழக்கின் மேல்முறையீட்டை ஜூன் 13ஆம் தேதி ஒன்பது நீதிபதிகளை உட்கார வைத்து விசாரிப்பதாக அவர் நாள் குறித்திருந்தார். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்டால், இல்லை என்றுதான் அரசாங்கம் சொன்னது. நாமும் அப்படியே எழுதிக்கொள்வோம்.

விசாரிக்க ஆறு பேர் கொண்ட நடுவர் மன்றம் அமைந்தது. தலைவர் அப்துல் ஹமீட் ஓமார். சாலே போனால் அந்த நாற்காலிக்கு வரிசையில் முதலில் நின்றவரும் அவரே, கடிதம் எழுத முடிவெடுத்த கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவரும் அவரே. வெளியூரிலிருந்தும் ஆள் தருவித்தார்கள்: இலங்கைத் தலைமை நீதியரசர் ரணசிங்க, சிங்கப்பூரிலிருந்து நீதிபதி டி.எஸ். சின்னத்துரை. எந்தப் பஞ்சாயத்திலும் நம்மவர் ஒருவர் இல்லாமல் போவதில்லை. விசாரணையைத் திறந்த மன்றத்தில் நடத்துங்கள் என்று சாலே கேட்டார். மறுத்தார்கள். அவர் போகவில்லை. ஆளில்லாமலே விசாரணை நடந்தது.

இடையில் ஜூலை 2ஆம் தேதி, ஒரு சனிக்கிழமை, உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஐவர் அவசரமாகக் கூடி நடுவர் மன்றத்துக்குத் தடை போட்டார்கள். தடையுத்தரவில் குத்த முத்திரை வேண்டுமே? முத்திரையைத் தரக்கூடாது, கதவைப் பூட்டு என்று மேலிருந்து உத்தரவு வந்ததாக சாலேயும் பத்திரிகையாளர் கே. தாஸும் பிறகு சேர்ந்து எழுதிய புத்தகம் சொல்கிறது. நாலே நாளில் அந்த ஐவரும் இடைநீக்கம். ஆகஸ்டில் சாலேயின் பதவி போனது. ஐவரில் வான் சுலைமானும் ஜார்ஜ் சியாவும் அக்டோபரில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அப்துல் ஹமீட் ஓமார் தலைமை நீதிபதி ஆனார்.

இதற்கெல்லாம் மக்களைக் கேட்க வேண்டாமா என்றால், கேட்கிற ஊரும் இருக்கிறது. அமெரிக்காவின் மிசூரி மாநிலம் 1940இல் ஒரு முறை கொண்டுவந்தது. நீதிபதி பதவியில் சில காலம் இருந்த பிறகு அவர் பெயர் மட்டும் வாக்குச்சீட்டில் வரும். எதிர் வேட்பாளர் கிடையாது, கட்சிச் சின்னம் கிடையாது. இவர் நீடிக்கலாமா, கூடாதா? அவ்வளவுதான் கேள்வி. பெரும்பாலான இடங்களில் பாதிக்கு மேல் ‘நீடிக்கலாம்’ விழுந்தால் போதும். இல்லினாய் மாநிலத்துக்கு அறுபது விழுக்காடு வேண்டும். கலிபோர்னியாவில் 1986இல் தலைமை நீதிபதி ரோஸ் பேர்டையும் கூடவே இருவரையும் மக்கள் கழற்றிவிட்டார்கள். அந்த அம்மா மரண தண்டனை வழக்கு எது வந்தாலும் தண்டனைக்கு எதிராகவே நின்றவர். ஜப்பானிலும் உண்டு: பிடிக்காத நீதிபதியின் பெயருக்கு மேல் பெருக்கல் குறி போட வேண்டும், ஒன்றும் போடாமல் விட்டால் இருக்கட்டும் என்று அர்த்தம். 1949இலிருந்து நடக்கிறது, ஒருவர்கூடப் போனதில்லை. சோம்பேறித்தனத்தையும் ஆதரவு ஓட்டாக எண்ணுகிற ஏற்பாட்டைப் பார்த்தால் நமக்கே பொறாமையாக இருக்கிறது.

நம் நாட்டில் அந்த ஓட்டு இல்லை என்று சொல்லிவிட முடியாது. நடந்தது; பதவி போன பிறகு நடந்தது. 1990 பொதுத்தேர்தலில் சாலே அபாஸ் தெங்கு ரசாலியின் செமாங்காட் 46 கட்சி சார்பில் லெம்பா பந்தாயில் நின்றார். இவர் நீடித்திருக்கலாமா என்று கோலாலம்பூர்க்காரர்களைக் கேட்ட மாதிரிதான். ஆனால் கடைசி நாட்களில் நாடு பேசியது ஒரு தொப்பியைப் பற்றி. சபாவுக்குப் போன ரசாலி கடசான் தலைப்பாகை அணிந்தார். அதில் சிலுவை மாதிரி ஒரு வேலைப்பாடு தெரிந்த படம் ஊரெல்லாம் பரவியது. நீதித்துறைச் சுதந்திரமா, தொப்பியா? சாலே தோற்றார். 1999இல் பாஸ் கட்சியில் சேர்ந்து தன் சொந்த பெசூட் பக்கம் ஜெர்தே சட்டமன்றத் தொகுதியில் நின்றார். அப்போது நாடு முன்னாள் துணைப் பிரதமர் அன்வாரின், போலீஸ் காவலில் அடிபட்டு வீங்கிய கண்ணைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. ஜெயித்தார், திரங்கானு ஆட்சிக்குழுவிலும் உட்கார்ந்தார். இரண்டு தடவையும் ஜனங்கள் நீதிபதியை எடை போட்டுத்தான் ஓட்டுப் போட்டார்கள் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

அப்புறம் நம்ம ஆள் ஒருவர் வந்து சேர்ந்தார். 2007 செப்டம்பரில் அன்வார் ஒரு வீடியோவை வெளியிட்டார். வழக்கறிஞர் வி.கே. லிங்கம் வீட்டில் உட்கார்ந்து போனில் பேசுகிறார், எந்த நீதிபதியை எங்கே ஏற்றலாம் என்று. ‘கரெக்ட், கரெக்ட், கரெக்ட்’ என்று அவர் சொன்னது அந்த வருடம் நாட்டின் டீக்கடைகளில் எல்லாம் ஒலித்தது. அம்பிகா சீனிவாசன் தலைமையில் வழக்கறிஞர்கள் கோட்டு சூட்டோடு புத்ராஜெயாவில் நடந்தார்கள். அரச விசாரணை ஆணையத்தில் லிங்கம் சொன்ன பதிலைச் சட்டக் கல்லூரியில் பாடமாகவே வைக்கலாம்: பார்க்க என்னைப் போல இருக்கிறது, கேட்கவும் என்னைப் போல இருக்கிறது. அவர்தான் என்று ஆணையம் முடிவு செய்தது. வழக்கு ஏதும் வரவில்லை.

அந்த வீடியோவை எடுத்தவர் லோ குவோ பர்ன். 2008 மார்ச் தேர்தலில் அவர் கிளானா ஜெயாவில் நின்று நாடாளுமன்றம் போனார். நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்க நமக்கு உரிமையில்லை, நீதிபதிகள் தேர்வைப் படம் பிடித்தவரைத் தேர்ந்தெடுக்க இருந்தது. அவரிடம் தோற்ற லீ ஹுவா பெங் அடுத்த மாதமே நம்ம பக்கம் வந்து போர்ட் கிள்ளான் துறைமுக வாரியத் தலைவரானார், வந்து அங்கிருந்த தடையற்ற வாணிப மண்டல ஊழலைக் கிளறினார். தோற்றவரால் நமக்கு லாபம். அது தனிக் கதை.

அதே ஏப்ரலில் பிரதமர் அப்துல்லா படாவி 1988இல் பாதிக்கப்பட்ட நீதிபதிகளுக்கு நல்லெண்ணத் தொகை அறிவித்தார். மன்னிப்பு என்ற சொல்லை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டார். வான் சுலைமானும், இடைநீக்கமான ஐவரில் இன்னொருவரான யூசோஃப் அப்துல்காதரும் அதற்கு முன்பே காலமாகியிருந்தார்கள்.

பிறகு 2009இல் நீதித்துறை நியமன ஆணையம் வந்தது. ஒன்பது உறுப்பினர். நாலு பேர் பதவி வழியாக வருகிற நீதிபதிகள், மீதி ஐந்து பேரைப் பிரதமர் நியமிப்பார். ஆணையம் தரும் பெயர் பிடிக்கவில்லை என்றால், பெரிய நீதிமன்றப் பதவிகளுக்கு இன்னும் இரண்டு பெயர் கொடுங்கள் என்று அவர் கேட்கலாம். பண்டமாரான் வாக்காளர் தன் வாக்குச்சீட்டைப் பார்த்து அப்படிக் கேட்டால் வாக்குச்சாவடி அதிகாரி அவரை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்.