அடைகோழியும் ஹெரால்டும்

காரியாபட்டியில் மழை பெய்யாததற்கு ஒருவன் நன்றி சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். மாட்டுக் கொட்டகையில் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்த மாப்ள அங்கிருந்தே கத்தினான். “துருவே இல்ல மாப்ள! இது மட்டும் சென்னையில நின்னிருந்தா இந்நேரம் ஸ்டியரிங்கும் ஹாரனுந்தான் மிஞ்சியிருக்கும்.”

கார் அவன் பெரியப்பாவுடையது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு, மார்க் 3, 1969 மாடல். பருத்திக் கமிஷன் கடையில் நாலு காசு பார்த்த காலத்தில் யாரிடமோ செகண்ட் ஹேண்டாக வாங்கினார். பிறகு பருத்தி போனது, கடை போனது, கொட்டகையில் இருந்த மாடுகளும் போயின. கார் மட்டும் போகவில்லை. ஓடினால்தானே போவதற்கு?

இந்தக் காரின் ஜாதகம் சுவாரசியமானது. வரைந்தவர் மிக்கெலாட்டி என்ற இத்தாலிக்காரர். 1959இல் இங்கிலாந்தில் பிறந்து, 1961 முதல் நம்ம வண்டலூரில் வளர்ந்தது. கல்கத்தாக்காரனுக்கு அம்பாசடர், பம்பாய்க்காரனுக்கு ஃபியட் என்றால் நமக்கு ஹெரால்டு. கம்பெனி 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒரு பெரிய காரை இறக்கியது, 1988இல் கதவைச் சாத்திவிட்டது. அம்பாசடருக்கு இன்றைக்கும் ஊருக்கு ஒரு மெக்கானிக் இருப்பார். ஹெரால்டு என்றால் அவரே “நாய் பேரா தம்பி?” என்று கேட்பார்.

பெரியப்பா சாவியைக் கொடுத்தார். பெரியம்மா ஒரு நிபந்தனையைக் கொடுத்தார். பின் சீட்டில் ஒரு கோழி அடை படுத்திருந்தது. குஞ்சு பொரிக்கும்வரை அந்தப் பக்கம் யாரும் போகக்கூடாது. “என்னத்தையும் பண்ணுங்கடா. கோழியை மட்டும் கிளப்புனீங்க, ரெண்டு பேருக்கும் சோறு கிடையாது.” ஆகவே எங்கள் முதல் இரண்டு வார வேலை முழுக்க முன்பாதியில்தான்.

முன்பாதி வசதியானதுதான். ஹெரால்டில் பானெட் மட்டும் திறக்காது. மட்கார்டு, ஹெட்லைட்டு எல்லாம் சேர்ந்து மொத்த மூஞ்சியும் முன்னால் கவிழும். முன் டயர் மேலேயே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு இன்ஜினைப் பார்க்கலாம். நாங்கள் பெரும்பாலும் டீதான் குடித்தோம்.

ஸ்பானர் வைத்தபோதுதான் முதல் அடி விழுந்தது. வண்டி அங்குலக் கணக்கில் செய்தது, மாப்ள வாங்கி வந்த புது ஸ்பானர் செட் மில்லிமீட்டர் கணக்கில். அரை அங்குல நட்டு என்பது 12.7 மில்லிமீட்டர். பன்னிரண்டாம் நம்பர் நுழையாது, பதிமூன்று ஆடும். பதிமூன்றைப் போட்டு இறுக்கியதில் நாலு நட்டு உருண்டையாகிவிட்டது. கடைசியில் விருதுநகரில் ஒரு பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கினோம் அங்குல ஸ்பானர்களை. கடைக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “கார் எத்தனை கிலோ தேறும்?” என்றார். நல்ல மனுஷர், வியாபாரம் பேசினார்.

பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் அப்பளமாக நொறுங்கியிருந்தது. சென்னைப் புதுப்பேட்டையில் சொல்லி வைத்து ஒன்று வந்தது, அது வேறு காருடையது. இரண்டாவது வந்தது சேர்ந்தது. ஆனால் பழைய ரப்பர் டியூப்பெல்லாம் வாரத்தில் இளகிப் போயிற்று. இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அதாவது கரும்பும் மக்காச்சோளமும் காய்ச்சிய சாராயம். 1969இல் பிறந்த பெரிய மனிதருக்கு இந்த வயதில் போய்க் குடியைப் பழக்கினால் உடம்பு தாங்குமா? டியூப்பெல்லாம் மாற்றினோம்.

அப்புறந்தான் வெடி.

நாலு சிலிண்டருக்கும் பொறி 1-3-4-2 என்ற வரிசையில் போகவேண்டும். இதை மாப்ள மனப்பாடமாக வைத்திருந்தான். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் ஒன்றாம் வயரைச் செருகி, கோயிலை வலம் வருகிற பக்தியோடு வலமாகவே மூன்று, நான்கு, இரண்டு என்று செருகினான். நான் சாவியைத் திருகினேன்.

படார்!

கார்பரேட்டர் வாயிலிருந்து ஒரு முழ நீளத்துக்கு நெருப்பு வந்தது. மாப்ளயின் இடது புருவத்தில் பாதியைக் காணோம். நாங்கள் சிரித்தோம். தெருவில் யாரும் சிரிக்கவில்லை. பட்டாசு ஆலை வேனுக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு இருக்கும் வீடுகள் இந்த மாவட்டத்தில் எத்தனையோ. எதிர்வீட்டு ஆச்சி ஓடி வந்து எங்களைப் பார்க்கவில்லை. வானத்தைத்தான் பார்த்தார், புகை எந்தப் பக்கம் என்று. “காருதான் ஆச்சி” என்றதும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு திட்டினார். வாங்கிக்கொண்டோம். அதிலிருந்து சாவியைத் திருகுமுன் தெருவில் சொல்லிவிட்டுத்தான் திருகுவது.

சொல்லிச் சொல்லி ஒன்பது நாள் வெடித்தோம். பிளக் மாற்றினோம், பாயிண்ட் தேய்த்தோம், கண்டென்சர் மாற்றினோம். மாப்ள ஒரு எலுமிச்சம்பழமும் நசுக்கினான். பத்தாம் நாள், திண்ணைக் கட்டிலில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே படுத்திருந்த பெரியப்பா வாயைத் திறந்தார்.

“நவக்கிரகத்தை எப்படிடா சுத்துவீங்க?”

“வலமாத்தான்.”

“ராகு கேதுவுக்கு?”

“இடமா ரெண்டு சுத்து.”

“இது ராகு கேதுடா” என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மூடியைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே இருக்கும் ரோட்டர் இடமாகத்தான் சுற்றுகிறது. வலமாக வயர் செருகினால் ஒன்றும் நாலும் எப்படியும் சரியாக அமைந்துவிடும். இரண்டும் மூன்றுந்தான் இடம் மாறும். அந்த இரண்டு சிலிண்டரிலும் பெட்ரோல் வாசலில் நுழையும்போதே கொள்ளி வைத்துக்கொண்டிருந்தோம் நாங்கள். இரண்டு வயரை மாற்றிப் போட்டதும் 948 சிசியும் ஒரே குரலில் பேசின. ஒன்பது நாளாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, “பொழுது நல்லாப் போச்சு” என்றார்.

பெரியம்மா வெளியே வந்து பார்த்தார். கண் கலங்கும் என்று எதிர்பார்த்தோம். “நான் இதுக்குள்ள உட்கார்ந்ததைவிடப் பின்னால நின்னு தள்ளுனதுதான் ஜாஸ்தி” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பேப்பர் வேலை தனிக்கதை. 50 வருஷம் தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதியலாம், நம்பரில் ‘விஏ’ எழுத்து வரும், 20,000 ரூபாய் கட்டவேண்டும் என்று 2021இல் விதி வந்திருக்கிறது. எடைக்குக் கேட்ட விருதுநகர்க்காரர் இதைக் கேட்டால் சிரிப்பார். அது முடியும்வரை நாலுவழிச் சாலைப் பக்கம் தலைவைப்பதில்லை, ஊருக்குள்ளேயே ஒரு சுற்று என்றுதான் பேச்சு. இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் வண்டி, எங்கள் தெருவிலேயே ஒரே மூச்சில் திரும்பியது. அந்த மிதப்பில் மாப்ள மல்லாங்கிணறு ரோட்டில் விட்டுவிட்டான்.

கருவேலங்காட்டைத் தாண்டும்போது ஒரு சத்தம். கொக், கொக் என்று விட்டு விட்டு.

“டாப்பெட்” என்றேன்.

“டாப்பெட் முன்னால கேக்கும். இது பின்னால. டிஃபரென்ஷியல்.”

“வேகம் கொறைச்சா நிக்கணுமே, நிக்கலையே?”

ஓரங்கட்டினான். இன்ஜினை அணைத்தான். சத்தம் நிற்கவில்லை. பின் சீட்டுக்கு அடியிலிருந்து பெரியம்மாவின் கோழி தலையை நீட்டியது. குஞ்சுகள் பொரித்து எப்போதோ கொட்டகையில் மேய்ந்துகொண்டிருந்தன. இது அடுத்த ஈட்டு முட்டைக்குப் பழைய இடத்தையே தேடி வந்திருக்கிறது. ஒன்பது நாள் வெடியையும் அசராமல் பார்த்த கோழி, இந்தப் பயணத்தை மட்டும் ரசிக்கவில்லை என்பது சீட்டைப் பார்த்தால் தெரிந்தது.

திருப்பிக்கொண்டு போய்விடலாம் என்று சாவியைத் திருகினால், இன்ஜின் பேசவில்லை. பாட்டரி காலி. டைனமோவைப் பார்க்கவேண்டும் என்று இருவருமே பலமுறை நினைத்தோம், பார்த்ததில்லை. தள்ளுவதற்கு ஆளில்லாத ரோடு. பொழுது சாய்வதற்குள் பெரியம்மா கோழி எண்ணுவார் என்பது இருவருக்கும் தெரியும்.

மாப்ள காருக்குக் காவல் இருந்தான். நான் கோழியை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு டவுன் பஸ் ஏறினேன்.

“பையில என்ன?” என்றார் கண்டக்டர்.

“கார்ல வந்த கோழிண்ணே.”

“கார்ல வந்ததா? அப்ப டிக்கெட் எடுக்க வசதி இருக்கும்ல” என்று லக்கேஜுக்கும் சேர்த்துக் கிழித்தார்.