நல்லா தேய்ச்சுக் கொண்டா, எடை போடுவோம்

வாடா பேராண்டி. பழைய வெள்ளி ரூவா சேக்கக் கெளம்பிட்டியாமே, உங்க அப்பத்தா சொன்னா. நல்ல தொழில்தான். விக்கிறவன் கையில காசு இருக்கிற மட்டும் "ராணி கன்னம் தேஞ்சுபோச்சு, முடி வழிஞ்சுபோச்சு"ன்னு உதட்டைப் பிதுக்கணும். பணத்தைக் கொடுத்து அதையே மடியில முடிஞ்சதும் "புழங்காத காசு, யுஎன்சி"ன்னு மார் தட்டணும். காரைக்குடி பழைய சாமான் கடையிலேர்ந்து நம்ம ஊருக்கு பஸ் வந்து சேர்றதுக்குள்ள தேஞ்ச கன்னம் வளந்துரும். இந்த அதிசயம் வேற எந்த யாவாரத்துலயும் கெடையாது.

அமெரிக்காவுல வில்லியம் ஷெல்டன்னு ஒருத்தர் 1949-ல அந்த ஊரு செப்புக் காசுக்கு 1-லேர்ந்து 70 வரைக்கும் மார்க் போட்டாரு. இன்னைக்கு வெள்ளிக்கும் அதே மார்க்குதான். 60-ம் அதுக்கு மேலயும் புழங்காதது. 50-லேர்ந்து 58 வரைக்கும் கை பட்டதும் படாததுமா இருக்கிறது. 58-க்கும் 60-க்கும் நடுவுல எடம் கொஞ்சம்தான், ஆனா ஊர்ப்பட்ட பொய்யும் அங்கதான் குடியிருக்கு. இதுல ஒரு கூத்தும் உண்டு. 60 வாங்குனது கைக்குக் கை மாறலையே ஒழிய, மூட்டைக்குள்ள மத்த காசோட மோதி மூஞ்சியெல்லாம் தழும்பா இருக்கும். அதுக்கு 58 வாங்குனது எவ்வளவோ லட்சணம். எனக்கு எதுன்னு கேட்டா 58-தான். நீ 60 வாங்கு, பெருமை பேச வேணும்ல.

எங்க பாக்கணும்னு சொல்றேன், மறந்துரு. காசுல எது மேடோ அதுதான் முதல்ல தேயும். விக்டோரியா ரூவாவுல காதுக்கு மேல முடி, கன்னம், மாரு மேல உடுப்புல இருக்கிற பூவேலை. 1903-லேர்ந்து 1910 வரைக்கும் வந்த ஏழாம் எட்வர்டுக்குக் கிரீடமே கெடையாது, காதையும் தலைமுடியையும் பாரு. ஐந்தாம் ஜார்ஜுக்குக் கிரீடத்துக் கல்லும் மேலங்கி வேலைப்பாடும்.

ஆனா மொழுக்கையா இருக்கிறதெல்லாம் தேஞ்சதுன்னு நினைச்சிராத. அச்சு அழுந்தி விழலைன்னாலும் முடி தெரியாது. அவசரத்துல அடிச்ச காசு பொறக்கும்போதே அப்படித்தான். ரெண்டையும் பிரிச்சுப் பாக்கத் தெரிஞ்சவனை எவனும் ஏமாத்த முடியாது. தேஞ்ச மேடு சாம்பல் பூத்துச் செத்துக் கெடக்கும். அச்சு விழாத மேட்டுல மினுக்கம் உசுரோட இருக்கும்.

அந்த மினுக்கம் சும்மா வர்ற பளபளப்பு இல்லடா. அச்சு அழுத்தும்போது வெள்ளி நசுங்கி நடுவுலேர்ந்து விளிம்பைப் பாத்து ஓடும். ஓடுன தடம் கண்ணுக்குத் தெரியாத கோடா நிக்கும். விளிம்பை ரெண்டு விரலால புடிச்சு, ஒத்தை குண்டு பல்புக்குக் கீழ மெதுவா சாய்ச்சுப் பாரு. வெளிச்சம் வண்டிச்சக்கரத்து ஆரக்கால் மாதிரி சுத்தி வரும். சுத்துற வெளிச்சம் மேட்டுல ஏறும்போது அறுந்துச்சுன்னா அங்க தேய்மானம். ட்யூப்லைட்டுக்குக் கீழ இது ஒண்ணுமே தெரியாது, எல்லாம் ஒரே வெளுப்பு. கடைக்காரன் ட்யூப்லைட்டா மாட்டி வச்சிருக்கிறது கரண்டு மிச்சம் புடிக்கன்னு நீ நினைச்சுக்கோ, பாவம்.

வாங்கியாந்ததும் செய்யவேண்டியது ஒண்ணு இருக்கு. அப்பத்தா விபூதி போட்டுக் குங்குமச்சிமிழ் வெளக்குற கையோட உன் காசையும் குடுத்துரு. புளியும் சேத்தா இன்னும் விசேஷம். நூறு வருசமா நின்ன கோடெல்லாம் ஒரு நிமிசத்துல போயிரும், அதுக்குப் பதிலா மயிரிழை மாதிரி கீறல் நூறு கெடைக்கும். காசுக்கு மார்க் போடுற கம்பெனிகளான, 1986-ல தொடங்குன பிசிஜிஎஸ்ஸுக்கோ 1987-ல வந்த என்ஜிசிக்கோ அனுப்பினாயின்னா, மார்க் போடாம "கழுவினது"ன்னு எழுதிப் பொட்டியில போட்டுத் திருப்பி அனுப்புவான். வெள்ளி ஆசாரி மட்டும் உன்னைக் கும்புடுவாரு. 11.66 கிராம், நூத்துக்கு 91.7 பங்கு வெள்ளின்னு கணக்குப் பாத்து எடுத்துக்கிருவாரு.

கறுத்துப்போச்சேன்னு அழாத. காத்துல இருக்கிற கந்தகம் வெள்ளி மேல மெல்லிசாப் படலம் போடுது. படலம் தடிக்கத் தடிக்க நெறம் மாறும். முதல்ல வெளிர்மஞ்சள், பொறகு பொன்னு, செவ்வூதா, நீலம், கடைசியில கறுப்பு. ஒண்ணுக்குள்ள ஒண்ணு கரைஞ்சு வரும். அதுக்குக் கீழ ஆரக்கால் சுத்துச்சுன்னா கூடக் காசு குடுத்து வாங்க ஆள் இருக்கான். அதனாலதான் அவிச்ச முட்டையோட வெள்ளியை டப்பாவுக்குள்ள அடைச்சு ஒரே ராத்திரியில மயிலா மாத்துற மகராசன்களும் இருக்கானுக. மஞ்சளே இல்லாம திடீர்னு நீலம் நின்னாலோ, கீறலுக்குள்ள நெறம் புகுந்து உக்காந்திருந்தாலோ, விலை கேக்காத. முட்டை விலையைக் கேளு.

1911 ரூவா கதை தெரியுமா? ஐந்தாம் ஜார்ஜு மேலங்கியில இருக்கிற யானை பன்னி மாதிரி இருக்குன்னு ஜனங்க மொணங்க, சர்க்கார் அதைப் பொழக்கத்துலேர்ந்து எடுத்துட்டு, 1912-ல யானையைத் திருத்தி அடிச்சுது. தும்பிக்கை தேஞ்சுபோன 1915-ஐக் காட்டி "இதாம்பா பன்னி ரூவா"ம்பான் ஒருத்தன். வருசம் பின்பக்கம் இருக்கு, திருப்பிப் பாக்கிறதுக்குச் சோம்பல் படு, அவனும் பொழைக்கணும்ல.

அதென்ன உன் சட்டைப்பையில? குடு இங்க. 1911-ஆ... யானை முழுசா... ஓரத்துல பொன்னு, உள்ள லேசா ஊதா... வெளிச்சம் எங்கயும் அறுக்கலை... ப்ச். சுமார்தான்டா. யானையாவும் இல்ல, பன்னியாவும் இல்ல. கறுக்க வேற ஆரம்பிச்சிருச்சு. ஏதோ சொந்தக்காரப் பயன்னு வெள்ளி எடைக்கு எடுத்துக்கிறேன். இங்க வச்சுட்டு உள்ள போய் அப்பத்தாகிட்ட மோர் வாங்கிக் குடி.